குறும்படமும் பால்காட்டும் ஈறும்

முன்னுரை

தமிழில் ஒருவரைப் பற்றிப் பிறரிடம் பேசப் புகுவோர் முதல் வினைமுற்றிலேயே ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். வந்தான் என்பதா, வந்தாள் என்பதா, வந்தார் என்பதா, வந்தது என்பதா என்னும் தேர்வு அது. பேசப்படுபவர் ஆணென்றோ பெண்ணென்றோ ஐயமின்றி அறியப்பட்டவிடத்து இத்தேர்வு நம் கவனத்திற்கே வருவதில்லை. மூச்சு விடுதல் போல அது தானே நிகழ்கின்றது. ஆயின் ஆணாகப் பிறந்தார் எனக் கருதப்பட்டுப் பெண்ணாக வாழும் ஒருவரையோ, பெண்ணாகப் பிறந்தார் எனக் கருதப்பட்டு ஆணாக வாழும் ஒருவரையோ, இவ்விரண்டினுள் அடங்காதவராகத் தம்மை உணரும் ஒருவரையோ குறிக்கும்போது, வினைமுற்றின் ஈறு வெறும் இலக்கணக் கூறாக நில்லாது ஒரு தீர்ப்பாகி விடுகின்றது.

அண்மைக் காலத்தில் இத்தகையோர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட குறும்படங்கள் பல மொழிகளிலும் தோன்றியுள்ளன. குறும்படம் என்பது நாற்பது நிமிடத்திற்கு மேற்படாத படம் என்று ஆஸ்கர் விருது வழங்கும் அமெரிக்கக் கழகம் வரையறுத்துள்ளது. நெடும்படத்தில் ஒரு மாந்தரைப் பற்றிய நம் எண்ணம் மெல்ல மாறுதற்குக் காலம் உண்டு. குறும்படத்திற்கோ அக்காலம் இல்லை. எனவே அதனில் வரும் ஒவ்வொரு சொல்லும் மிகுந்த பொறுப்பை ஏற்கின்றது. அதிலும், பிறமொழிப் படத்திற்குத் தமிழில் எழுதப்பெறும் திரையின் அடிவரிகளில் இப்பொறுப்பு இரு மடங்காகின்றது.

இக்குறும்படங்களின் கதைகளைத் தொகுத்துரைப்பது நம் நோக்கமன்று. அவை தமிழிலக்கணத்தின் முன் வைக்கும் வினா யாது என்பதனையும், அதற்கு நம் இலக்கண மரபிலேயே விடை உண்டா என்பதனையும் ஆராய்தலே நோக்கம். திருநங்கை, திருநம்பி, இருவர்க்கும் பொதுவாகத் திருநர் என்னும் இக்காலச் சொற்களையே நாம் ஆளுகின்றோம். பழைய நூல்களைக் குறிக்குமிடத்து மட்டும் பேடி, அலி என்னும் பழஞ்சொற்கள் வரும்.

தொல்காப்பியர் கருத்து

திணையும் பாலும் வகுக்கும் தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே இப்பொருள் இடம் பெற்றுள்ளமை கருதத்தக்கது. உயர்திணைக்கு மூன்று பாலும் அஃறிணைக்கு இரண்டு பாலும் கூறிய ஆசிரியர், உடனே இப்பாகுபாட்டினுள் எளிதில் அடங்காத இருவகைப் பெயர்களை எடுத்துக் கொள்கின்றார். ஆண்மைத் தன்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயர் ஒன்று. தெய்வத்தைக் குறிக்கும் பெயர் மற்றொன்று. இவற்றிற்குத் தமக்கென உரிய ஈறு இல்லையென்றும், இவை உயர்திணைக்குரிய ஈறுகளைக் கொண்டே ஒலிக்குமென்றும் அவர் விதிக்கின்றார்.

இவ்விதியுள் மூன்று செய்திகள் உள்ளன. முதலாவது, இத்தகையோர் உயர்திணையினர் என்பது. இதில் தொல்காப்பியர்க்கு ஐயமில்லை. இரண்டாவது, அவர்தம் பெயர் தெய்வப் பெயரோடு ஒரே நூற்பாவில் வைத்துக் கூறப்பட்டது என்பது. இதனை உயர்வு கருதிய அமைப்பு என்று கொள்ளுதல் மிகையாகலாம். இரண்டும் ஒரே இலக்கணச் சிக்கலை உடையன என்பதே காரணமாதல் வேண்டும். எனினும் இழிவு கருதிய வைப்பு அன்று என்பது தெளிவு. மூன்றாவது, அவர்க்கெனத் தனி ஈறு இல்லை என்று ஆசிரியர் வெளிப்படையாகவே கூறுவது. குறையை மறையாது மொழியின் இயல்பை உள்ளவாறே பதிந்த நேர்மை இது. இன்றைய குறும்பட ஆசிரியர் தம் உரையாடலை எழுதத் தொடங்குகையில் எதிர்ப்படும் இடர்ப்பாடும் இதுவே.

மேலும் சில நூற்பாக்கள் கழித்து, ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயர் ஆண்பால் ஈற்றைக் கொள்ளுதற்கு இடமில்லை என்றும் அவர் விலக்குகின்றார். பேடி வந்தாள் எனலாம். பேடி வந்தான் எனலாகாது என்பது இதன் பயன். பிறப்பில் ஒருவர்க்கு வழங்கிய பால் எதுவாயினும், அவர் அதனின் நீங்கியபின் அப்பாலின் ஈற்றை அவர்மேல் ஏற்றுதல் வழு என்பதே இதனால் பெறப்படும். இன்று திருநங்கை ஒருவரை வந்தான் என்று சுட்டுவாரை நாம் பண்பின்மை பற்றிக் கடிந்து கொள்கின்றோம். தொல்காப்பிய நெறியில் அது பால்வழுவுமாகும்.

இவ்விதியில் ஓர் எல்லையும் உண்டு. ஆண்மை திரிந்தாரையே தொல்காப்பியர் பெயர் சுட்டிக் கூறினார். பெண்மையின் நீங்கி ஆண்மையை மேற்கொண்டாரைப் பற்றி அவர் வெளிப்படையாக ஒன்றும் கூறவில்லை. அக்குறையைப் பின்வந்த இலக்கணம் நிரப்புகின்றது.

நன்னூலார் கருத்து

13-ஆம் நூற்றாண்டினரான பவணந்தி முனிவர், நன்னூற் பெயரியலில் இப்பொருளை மீண்டும் எடுத்துரைக்கின்றார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவாரை ஆண்பாலென்றும், ஆண்மையை விட்டு மற்றதனை அவாவுவாரைப் பெண்பாலென்றும் கொள்ள வேண்டும் என்பது அவர் கூறும் நெறி. இருசாராரும் அஃறிணையை ஒத்து வருதலும் உண்டு என்றும் அவர் சேர்த்துரைக்கின்றார்.

இங்கு நாம் ஊன்றிக் காணவேண்டிய சொல் ‘அவாவுதல்’ என்பது. உடலின் உறுப்பையோ, பிறப்பில் பிறர் கண்டு கூறியதையோ நன்னூலார் அளவுகோலாகக் கொள்ளவில்லை. ஒருவர் எதனை விட்டு எதனை விரும்பிச் செல்கின்றார் என்பதனையே அளவுகோலாக்கினார். பால் அறிதற்கு அவர்தம் விருப்பமே சான்று என்னும் இக்கருத்து, இருவழிக்கும் ஒப்பக் கூறப்பட்டதும் நோக்கத்தக்கது. திருநம்பியர் நம் இலக்கணத்துள் தெளிவாக இடம் பெற்றது இந்நூற்பாவினாலேயாம்.

2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று, ஒருவரது பாலினத்தை அறிதற்கு அவர் தம்மைத் தாமே உணர்ந்து கூறுவதே அடிப்படை என்று கொண்டது. நன்னூலார் சட்டம் வகுத்தவர் அல்லர்; அவர் கூறியது சொல்லின் முடிபு பற்றியது. ஆகவே இரண்டனையும் ஒன்றெனக் கூறிப் பெருமை கொள்ளுதல் ஆராய்ச்சி ஆகாது. ஆயினும், ஒருவரைக் குறிக்கும் சொல்லின் முடிபு அவர் உள்ளத்து விருப்பத்தைத் தொடர வேண்டும் என்னும் எண்ணம் தமிழிலக்கணத்திற்குப் புதிதன்று என்ற அளவில் நாம் உறுதியாகக் கூறலாம்.

அந்நூற்பாவின் இறுதிப் பகுதியையும் மறைத்தல் கூடாது. தொல்காப்பியர் உயர்திணையிலேயே நிறுத்தினாரை நன்னூலார் அஃறிணை போலவும் வர இடந்தந்தார். பேடு வந்தது என்பது போன்ற வழக்கு அவர் காலத்தில் இருந்திருத்தல் வேண்டும். இருந்ததனைத் தழுவுதல் இலக்கண ஆசிரியர் கடன். ஆயின் இன்றும் தெருவில் ஒரு திருநங்கையைப் பார்த்து ‘அது போகிறது’ என்பார் வாயில் அவ்வழக்கே ஒலிக்கின்றது. விருப்பத்தை மதிக்கும் நெறியும், திணையிலிருந்தே தள்ளும் வழக்கும் ஒரே நூற்பாவில் அருகருகே நிற்கின்றன. எதனை நாம் கைக்கொள்ளப் போகின்றோம் என்பதே இன்றைய எழுத்தாளர்முன் நிற்கும் வினா.

அஃறிணை ஈற்றின் இருநிலை

அஃறிணை ஈறு வந்தவிடமெல்லாம் இழிவு என்று கூறிவிடவும் இயலாது. உயர்திணைப் பொருளைக் குறித்து நின்றும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களைக் கிளவியாக்கத்தில் தொல்காப்பியர் நிரல்படக் கூறுகின்றார். குழவி, மகவு என்பன அவற்றுள் அடங்கும். காதலால் கூறுவதும், சினத்தால் இழித்துக் கூறுவதும் அதே பட்டியலில் உள்ளன. தன்மை திரிந்த பெயர் என்றும் ஒன்று அங்குக் கூறப்படுகின்றது. அதற்கு அலி என்பதனை உரைகாரர் காட்டுவதுண்டு.

தாய் தன் மகவை ‘அது உறங்குகிறது’ என்கின்றாள். பகைவனை ஒருவன் ‘அது எங்கே வந்தது’ என்கின்றான். முன்னது காதல், பின்னது செறல். ஈறு ஒன்றே, உணர்ச்சி வேறு. இவ்விரண்டனையும் பிரித்தறிய வைப்பன சொல்லுவார் முகமும் குரலும் ஆகும். திரைப்படத்தில் முகமும் குரலும் உண்டு. ஆகவே பேச்சில் வரும் ‘அது’ அன்பா இகழ்ச்சியா என்பதனைப் படம் காட்டிவிடும். அடிவரியிலோ எழுத்து மட்டுமே உள்ளது. எனவே அடிவரி எழுதுவார் இவ்வீற்றினை ஆளுங்கால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும் என்பது முதற்கண் பெறப்படுகின்றது.

2020-ஆம் ஆண்டில் நெட்ஃபிளிக்ஸ் வழியாக வெளிவந்த ‘பாவக் கதைகள்’ என்னும் தொகுப்பில் நான்கு குறும்படங்கள் உள்ளன. அவற்றுள் சுதா கொங்கரா இயக்கிய ஒன்றன் பெயர் ‘தங்கம்’. 1980-களின் தொடக்கத்தில் ஒரு சிற்றூரில் வாழும் சத்தார் என்பார் அதன் தலைமை மாந்தர். பெண்ணாக மாறி வாழ விரும்புபவர். அறுவை மருத்துவத்திற்கெனச் சேர்த்த பொருளை, தாம் காதலித்த நண்பனும் தம் உடன்பிறந்தாளும் ஒன்று சேர்ந்து வாழ்தற்கெனக் கொடுத்து விடுகின்றார். பின்னர் அவர் இறந்துபட்ட செய்தியை அவ்விருவரும் அறிவதோடு கதை முடிவெய்துகின்றது.

படத்தின் பெயரை நாம் இலக்கண நோக்கில் காணலாம். தங்கம் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக நம்மவர் வழங்கும் அன்புச்சொல். மகனையும் தங்கம் என்பர். மகளையும் தங்கம் என்பர். அதற்குப் பால்காட்டும் ஈறு இல்லை. தொல்காப்பியர் கூறிய காதற்சொல்லின் வகையைச் சார்ந்தது அது. ஊரார் எந்த ஈற்றால் சுட்டுவது என்று ஏளனத்தோடு தடுமாறும் ஒருவரை, ஈறே வேண்டாத ஓர் அன்புச்சொல் தடுமாற்றமின்றிக் குறித்து விடுகின்றது. இயக்குநர் இலக்கணம் எண்ணி இப்பெயரைத் தேர்ந்தார் என்று நாம் கூறவில்லை. மொழியின் ஒரு நல்லியல்பு அங்குத் துணை செய்துள்ளது என்றே கூறுகின்றோம்.

மூவிடமும் குறும்படமும்

தமிழில் பால்காட்டும் ஈறு படர்க்கைக்கே உரியது. நான் வந்தேன் என்னும் தன்மையிலும், நீ வந்தாய் என்னும் முன்னிலையிலும் பால் வேறுபாடு இல்லை. தம்மைப் பற்றித் தாமே கூறுமளவும் ஒருவர் பாலைத் தெரிவிக்க வேண்டுவதில்லை. நேர்முகமாக ஒருவரை அழைத்துப் பேசுமளவும் அவ்வாறே. பிறரொருவர் அவரைப் பற்றி மூன்றாமவரிடம் பேசத் தொடங்கும்போதே தீர்ப்பு எழுகின்றது.

இவ்வியல்பு எல்லா மொழிக்கும் பொதுவன்று. இந்தியில் தன்மை வினையே பால்காட்டும். நான் வந்தேன் என்பதனை ஆண் ‘மைம் ஆயா’ என்பான். பெண் ‘மைம் ஆயீ’ என்பாள். எனவே இந்தி பேசும் திருநங்கை தம்மைப் பற்றி வாய்திறந்து கூறும் முதல் தொடரிலேயே தம் பாலை நிறுவி விடலாம். அல்லது அஞ்சி மறைக்கவும் நேரலாம். அத்தொடரைத் தமிழாக்குவார்க்கு ‘வந்தேன்’ என்னும் ஒரு வடிவமே உண்டு. ஒருவர் துணிந்து ‘ஆயீ’ என்று கூறிய அத்துணிவு தமிழ் அடிவரியில் முழுதும் மறைந்து போகின்றது. அதனை மீட்டற்கு மொழிபெயர்ப்பாளர் வேறு வழி நாடவேண்டும்.

தன்னிலையில் அமைந்த படங்கள் தமிழில் எளிதாகவும் இயல்பாகவும் அமைதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். லீனா மணிமேகலை 2017-இல் எடுத்த ‘இஸ் இட் டூ மச் டு ஆஸ்க்’ என்னும் ஆவணக் குறும்படம், சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலையும் திருநங்கையர் இருவரைப் பற்றியது. இருவரும் கலைஞர், நண்பர். வீடு வேண்டும் என்னும் மிக எளிய வேண்டுகோள் ஏன் மிகையான வேண்டுகோளாகக் கருதப்படுகின்றது என்பதே பெயரின் பொருள். வீடு தேடுவோர் தன்மையில் பேசுகின்றனர். வீடு கொடுப்பதா மறுப்பதா என்று கருதுவோர் படர்க்கையில் பேசுவோர். ஒருவர்க்கு வீடு கிடைத்தலும் கிடையாமையும், ஊரார் அவரைப் படர்க்கையில் எவ்வாறு சுட்டுகின்றனர் என்பதனோடு பிணைந்துள்ளது. இலக்கணம் ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

விளியும் முறைப்பெயரும்

முன்னிலையில் வினை பால்காட்டாது என்றோம். ஆயின் விளி பால்காட்டும். அடா, அடி என்பனவும், அண்ணன், அக்கை, தந்தை, தாய் என்னும் முறைப்பெயர்களின் விளிகளும் பாலை உணர்த்தியே வரும். வினைமுற்றில் இல்லாத தீர்ப்பு விளியில் வந்து அமர்ந்து கொள்கின்றது. திருநரைப் பற்றிய படங்களில் உணர்ச்சியின் உச்சம் பெரும்பாலும் ஒரு விளிச்சொல்லில் அமைவதன் காரணம் இதுவே.

2017-இல் விக்ஸ் நிறுவனத்திற்கென நீரஜ் கைவான் இயக்கிய மூன்று நான்கு நிமிட விளம்பரக் குறும்படம் ஒன்று பலரும் அறிந்தது. மும்பையைச் சார்ந்த திருநங்கை கௌரி சாவந்த், தாம் வளர்த்த மகளுக்குத் தாயாக நிற்கும் வரலாறு அதன் பொருள். பேருந்தில் செல்லும் சிறுமி தன் அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வருகின்றாள். தாயின் முகம் நமக்கு நெடுநேரம் காட்டப்படுவதில்லை. முகம் தோன்றும்போது, அவர் திருநங்கை என்பதனை நாம் அறிகின்றோம். ஆயின் அதற்குள் ‘அம்மா’ என்னும் சொல் நம் உள்ளத்தில் வேரூன்றி விடுகின்றது. முகத்தை முன்னர்க் காட்டிச் சொல்லைப் பின்னர்க் கூறியிருப்பின், காண்போர் அச்சொல்லை ஏற்பதா மறுப்பதா என்று ஆராயத் தொடங்கியிருப்பர். சொல்லை முன்வைத்தமையால் ஆராய்ச்சிக்கு இடமில்லாது போயிற்று. ஒருவரை யார், எம்முறையால் அழைக்கின்றார் என்பதே அவரது நிலையை உறுதி செய்கின்றது என்பதனை இச்சிறுபடம் நன்கு விளக்குகின்றது. தாயின் உரிமைக்காகத் தான் வழக்கறிஞராகப் போவதாகச் சிறுமி கூறுவதோடு அது முடிகின்றது.

இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டு 2019-இல் வெளிவந்த ‘சூப்பர் டீலக்ஸ்’ என்னும் நெடும்படத்தில் உண்டு. பல கதைகள் பின்னிச் செல்லும் அப்படத்தின் ஒரு கதையில், வீட்டை விட்டுச் சென்ற தந்தை ஆண்டுகள் பல கழித்துச் சில்பா என்னும் திருநங்கையாகத் திரும்பி வருகின்றார். சிறுவனாகிய மகன் அவரை ‘அப்பா’ என்றே அழைக்கின்றான். இலக்கண விதிப்படி நோக்கின் இஃது ஆண்பால் விளி, வழுவெனல் வேண்டும். ஆயின் மகன் அச்சொல்லில் பாலைக் கருதவில்லை, உறவையே கருதுகின்றான். தோற்றம் மாறிய பின்னும் தன் உறவு மாறவில்லை என்பதே அவன் விளியின் பொருள். ஆகவே முறைப்பெயரில் பாலும் உறவும் பிணைந்தே இருப்பினும், இரண்டனுள் எது முதன்மை என்பது அழைப்பாரின் உள்ளத்தைப் பொறுத்தது என்று கொள்ள வேண்டும். விதி இங்கு முடிவுகூற வல்லதன்று. இடமே பொருளைத் தருகின்றது.

திருநங்கையர் சமுதாயத்தில் மூத்தார் இளையாரை மகளாக ஏற்றுக்கொள்ளும் வழக்கம் உண்டு. குடும்பம் மறுத்த முறைப்பெயரைத் தமக்குள் தாமே வழங்கிக் கொள்ளும் ஏற்பாடு அது. இச்சமுதாயத்தைப் படமாக்குவார் அம்மா, மகள் என்னும் விளிகளை வேடிக்கையாகக் கொள்ளாது அவற்றின் முழுப்பொருளோடும் ஆளுதல் வேண்டும்.

ஒரு கன்னடத் தலைப்பு

திருநங்கை எழுத்தாளர் லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாறாகிய ‘நான், வித்யா’ தமிழில் எழுந்த நூல். அதனைத் தழுவி 2015-இல் பி. எஸ். லிங்கதேவரு கன்னடத்தில் எடுத்த படம் ‘நானு அவனல்ல... அவளு’ எனப் பெயர் பெற்றது. அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும் கிடைத்தது. இது நெடும்படமேயாயினும், அதன் தலைப்பு நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. நான் அவன் அல்லேன், அவள் என்பது அதன் பொருள்.

தமிழைப் போன்றே கன்னடத்திலும் தன்மைக்குப் பால் இல்லை, படர்க்கைக்கு உண்டு. ஆகவே ‘நானு’ என்று மட்டும் கூறினால் பேசுபவரின் பால் விளங்காது. அதனால்தான் அவர், பிறர் தம்மைச் சுட்டும் படர்க்கைச் சொல்லையே எடுத்து மறுத்து, வேறொரு படர்க்கைச் சொல்லைத் தமக்கு ஈட்டிக் கொள்கின்றார். தன்மையில் நிறுவ இயலாத ஒன்றைப் படர்க்கையைக் கடன்கொண்டு நிறுவுகின்றார். திராவிட மொழி பேசும் திருநர் தம் பாலைக் கூறுதற்குக் கைக்கொள்ளும் வழி இவ்வாறுதான் அமைய முடியும். இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டார்க்கு இச்சுற்றுவழி வேண்டியதில்லை என்பதனை முற்கூறியதனோடு ஒப்புநோக்குக.

மறுப்பிலும் பால் ஒட்டிக்கொள்ளும் இயல்புக்கு நம் பழம்பாடலிலும் சான்று உண்டு. நம்மாழ்வார் இறைவனைப் பற்றிக் கூறுங்கால், அவன் ஆணும் பெண்ணும் அலியும் ஆகாதவன் என்று மூன்றனையும் மறுக்கின்றார். ஆயின் அம்மறுப்பைக் கூறும் வினைக்குறிப்பே ஆண்பால் ஈற்றோடு நிற்கின்றது. ஆண் என்பதனை மறுக்கும் சொல்லும் ஆணாகவே முடிகின்றது! தெய்வத்திற்குத் தனி ஈறு இல்லை என்று தொல்காப்பியர் கூறியதன் உண்மை இங்கு நன்கு விளங்குகின்றது.

ஹவாயிப் படமும் ‘ஒருவர்’ என்னும் சொல்லும்

ஆண், பெண் என்னும் இரண்டினுள் அடங்காதாரைப் பற்றிய படத்திற்குத் தமிழில் என் செய்வது என்பது அடுத்த வினா. இதற்கு ஹவாயித் தீவுகளின் படமொன்றை எடுத்துக்கொள்வோம். 2020-இல் வெளிவந்த ‘கபாயேமாஹு’ எட்டு நிமிட அளவினதான ஓவிய அசைவுப் படம். ஹினாலெய்மோவானா வாங் கலு, டீன் ஹேமர், ஜோ வில்சன் ஆகிய மூவர் இயக்கியது. வாங் கலு தாமே ஹவாயி மொழியில் அதன் கதையை உரைக்கின்றார்.

தகித்தியிலிருந்து முன்னொரு காலத்தில் ஹவாயிக்கு வந்த நான்கு மருத்துவரைப் பற்றிய பழங்கதை அது. அவர்கள் மாஹு எனப்படுவோர். ஆண்மையும் பெண்மையும் தம்முள் ஒருங்கே கொண்டோர். நோய் தீர்த்த அவர்க்கு நன்றியாக மக்கள் நான்கு பெரும் பாறைகளை வைக்கீக் கடற்கரையில் நாட்டினர். மருத்துவர் தம் ஆற்றலை அப்பாறைகளில் வைத்து மறைந்தனர் என்பது கதை. பாறைகள் உண்மையில் உள்ளன. 20-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் அவை ஒரு பந்துருட்டு விளையாட்டுக் கூடத்தின் அடியில் புதையுண்டு கிடந்து, 1963-இல் மீண்டும் வெளிவந்தன. எனினும் அவற்றருகே இருந்த குறிப்புப் பலகைகளில் அம்மருத்துவர் மாஹு என்னும் செய்தி நெடுங்காலம் இடம்பெறவில்லை. கல்லைப் பாதுகாத்தோர் சொல்லைப் பாதுகாவாது விட்டனர். அச்சொல்லை மீட்டதே இப்படத்தின் பயன்.

ஹவாயி மொழியில் அவன், அவள் என்னும் வேறுபாடே இல்லை. ‘இயா’ என்னும் ஒரு சொல்லே இரண்டற்கும் உரியது. ஆகவே மாஹு ஒருவரைப் பற்றி எத்துணை நேரம் பேசினும் அம்மொழி அவரை ஒரு பக்கம் தள்ளாது. இக்கதை தமிழுக்கு வருமாயின், நால்வரையும் சேர்த்துக் கூறுங்கால் இடரில்லை. பலர்பால் ஆணையும் பெண்ணையும் பிரியாது. அந்நால்வருள் ஒருவரைத் தனித்துக் கூறும்போதே இடர் தோன்றும்.

அவ்விடர்க்கும் தொல்காப்பியத்தில் விடை உண்டு. ‘ஒருவர்’ என்னும் பெயர் ஆண்பால், பெண்பால் என்னும் இருபாலுக்கும் உரியதென்றும், பொருளால் ஒருமையாயினும் பன்மை முடிபையே கொள்ளும் என்றும் பெயரியல் கூறுகின்றது. நன்னூலாரும் இதனை வழிமொழிகின்றார். ‘ஒருவர் வந்தார்’ என்பதில் பால் வெளிப்படவில்லை. உயர்திணை மட்டும் வெளிப்படுகின்றது. திணையைக் காத்துப் பாலைத் திறந்துவிடும் இவ்வமைப்பு, இரண்டினுள் அடங்காதாரைக் குறித்தற்கு மிகவும் ஏற்றது. ஆங்கிலத்தார் ‘தே’ என்னும் பன்மைச் சொல்லை ஒருவர்க்கு வழங்குவது பற்றி இக்காலத்தில் பெரிதும் சொல்லாடுகின்றனர். தமிழ் அதற்கு நிகரான ஒன்றைப் பழைமையாகவே பெற்றுள்ளது.

இதற்கு ஒரு தடையும் கூறலாம். ‘அவர்’ என்பது இன்று உயர்வுப் பன்மையாகவே வழங்குகின்றது. ஒருவரைப் பன்மையால் கூறுதல் உயர்வு கருதிய வழக்கே என்று தொல்காப்பியரும் குறித்துள்ளார். தாய் தன் இளமகவைப் பற்றிப் பேசுங்கால் ‘அவர் சாப்பிட்டார்’ என்னின் அஃது அன்பின் மொழியாகாது. விலகல் அல்லது கேலி என்றே தோன்றும். மதிப்பு கிட்டிய இடத்தில் நெருக்கம் போய்விடுகின்றது. இத்தடை உண்மையானது. இதனை விதியால் நீக்க இயலாது. உரையாடல் எழுதுவார் பெயரையே மீண்டும் ஆண்டும், தங்கம் போன்ற அன்புச்சொற்களை ஆண்டும், முன்னிலையாக்கியும் இதனைக் கடக்கலாம். இவ்விடத்து எழுத்தாளரின் செவியே இலக்கணம்.

கோலமும் வாழ்வும்

சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோராடலுள் ஒன்று பேடு. மகனை மீட்டற்பொருட்டு வாணன் நகரத்தில் காமன் பேடிக் கோலங்கொண்டு ஆடியது அது. அக்கோலத்தைத் தெருவில் மக்கள் கூடி நின்று கண்டதனை மணிமேகலையின் மலர்வனம் புக்க காதை கூறுகின்றது. திருக்குறளிலோ பேடி கையில் உள்ள வாள், பயன்படாமைக்கு இருமுறை உவமையாகின்றது. ஓரிடத்துக் காட்சிப்பொருள், மற்றோரிடத்து உவமைப்பொருள். பேடியர் தம் வாழ்வைத் தாமே கூறும் இடம் இவற்றுள் இல்லை.

இன்றைய படங்களிலும் இவ்வேறுபாடு தொடர்கின்றது. தங்கத்தில் காளிதாஸ் ஜெயராமும், சூப்பர் டீலக்சில் விஜய் சேதுபதியும் கோலம் பூண்டோர். அவர்தம் நடிப்பின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆயின் 2011-இல் வந்த ‘நர்த்தகி’ என்னும் படத்தில் திருநங்கையாகிய கல்கி சுப்பிரமணியமே தலைமை மாந்தராக நடித்தார். கௌரி சாவந்த் தாமாகவே தோன்றினார். வாங் கலு மாஹு மரபினராகவே கதையுரைத்தார். படர்க்கையிலிருந்து தன்மைக்கு நகரும் நகர்ச்சி இது. பால்காட்டும் ஈறு வேண்டாத இடத்திற்கு அவர்கள் தாமே வந்து நின்று பேசுகின்றனர்.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன இவை. திருநரை உயர்திணையில் வைத்தல் தொல்காப்பிய நெறி. அவர் நீங்கிய பாலின் ஈற்றை அவர்மேல் ஏற்றுதல் அந்நெறிப்படி வழு. எப்பால் என்பதனை அவரது விருப்பமே அறிவிக்கும் என்பது நன்னூல் நெறி. இரண்டினுள் அடங்காதார்க்கு ‘ஒருவர்’ என்பதனை ஒட்டிய ஆர் ஈறு பொருந்தும். அஃறிணை ஈறு காதலிடத்தன்றி ஆளத்தக்கதன்று. முகமும் குரலும் உடன்வாராத அடிவரியில் அதனைத் தவிர்த்தலே நன்று. விளியும் முறைப்பெயரும் உறவின் உள்ளத்தைத் தொடர வேண்டும்.

சொல் மாற்றம் நம் காலத்திலேயே விரைந்து நடந்துள்ளது. கூவாகத்து அரவான் விழாவை ஒட்டி எழுந்த அரவாணி என்னும் சொல் வழங்கிய காலம் போய்த் திருநங்கை என்பது நிலைபெற்றது. உயர் நீதிமன்றத்தின் தூண்டுதலால் தமிழ்நாட்டு அரசு 2022-இல் இத்துறைக்குரிய சொற்பட்டியல் ஒன்றனை அரசிதழில் வெளியிட்டது. பெயர்ச்சொல்லைச் சீர்செய்தல் எளிது, பட்டியலிட்டுத் தரலாம். வினைமுற்றின் ஈறோ நம் நாவின் பழக்கம். திருநங்கை என்று பெயரைச் செப்பமாகக் கூறி, அடுத்த சொல்லிலேயே ‘வந்தான்’ என்று முடிப்போர் இன்றும் உளர்.

குறும்படங்களுக்கு உரையாடலும் அடிவரியும் எழுதும் பணி தமிழ் கற்றார் கைக்கு வந்து கொண்டிருக்கின்றது. கிளவியாக்கத்தைத் தேர்வுக்கெனக் கற்றோர், அதனை ஒரு மனிதரின் மானம் காக்கும் கருவியாகவும் ஆளலாம் என்பதனை உணர்வாராயின், இவ்வாராய்ச்சி பயனுடைத்தாம். தமக்கென ஈறு இல்லை என்று ஈராயிரம் ஆண்டளவில் பதிவு செய்யப்பெற்றார்க்கு, உள்ள ஈறுகளுள் தக்கதனைத் தேர்ந்து வழங்குதல் தமிழாசிரியர் கடன்.